களைப்பைப் பற்றி நான்கு கேள்விகள்

புளி மூட்டையின் மேல் தூங்குவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். கோணி முதுகில் குத்தும். புளிப்பு வாசனை மூக்கில் ஏறிப் பல்லைக் கூச வைக்கும். அதையெல்லாம் பழகிக்கொண்டு, சரக்கு மேடையில் நான் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன். என் மார்பின் மேல் ஒரு அச்சடித்த தாள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதில் இங்கிலீஷில் ஒரு விஞ்ஞானப் பத்தி. விஷயம்: களைப்பு.

"ஏகாம்பரம்! எந்திரிய்யா! படிக்கிறேன்னு சொல்லிட்டு வந்து இதா படிக்கிற லட்சணம்?"

எதிரில் நின்றவர் சின்ன மாஸ்டர் ரங்கசாமி. எங்கள் ஸ்டேஷனின் அசிஸ்டெண்டு ஸ்டேஷன் மாஸ்டர். என் வயதுக்காரர்தான். ஆனால் அவர் கோட்டுப் போட்டவர், நான் நீலச் சட்டை.

"படிச்சுட்டேனுங்க சார். அதுல போட்டிருக்கிறபடிதான் செஞ்சுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

பொய்யில்லை. உடலால் உழைக்கிறவன் ராத்திரி முழுவதும் ஜன்னல் திறந்த அறையில் தூங்கியே ஆக வேண்டும் என்று அந்தப் பத்தியில் போட்டிருந்தது. எனக்கு ராத்திரி கிடைக்கவில்லை. ஜன்னலும் கிடைக்கவில்லை. புளி மூட்டைதான் கிடைத்தது.

மூன்றாவது தடவை

அது பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வேண்டாம். அன்று என்னோடு வேலை பார்த்தவர்களின் பேரன்மார் இந்தப் பத்திரிகையைச் சந்தா கட்டி வாங்குகிறார்கள் என்று கேள்வி.

பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை நீலமாகப் படுத்திருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பொறாமையாக இருக்கும், அது பாட்டுக்குப் படுத்திருக்கிறதே என்று.

சண்டைக் காலம். பட்டாள ஸ்பெஷல் ரயில்கள் வேளை கெட்ட வேளையில் வரும். மொரப்பூரிலிருந்து தர்மபுரிப் பக்கம் போன சின்ன லைனையே தண்டவாளத்தோடு பிடுங்கி எங்கோ அனுப்பிவிட்டார்கள். ஆட்களிலும் பாதிப் பேர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்த்தோம். மாற்று ஆள் வந்தால் டூட்டி முடிந்தது என்று கணக்கு. மாற்று ஆள் வரமாட்டான். வந்தாலும் அவன் என்னைவிடத் தூக்கத்தில் இருப்பான்.

நான் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்த லைனில் போக வேண்டுமோ அதற்கு நெம்புகோலைத் தள்ளுகிறவன். கூட்ஸ் வண்டியிலிருந்து வேகன்களைக் கழற்றுகிறவன், கோக்கிறவன். இதிலிருந்து தந்தி குமாஸ்தாவாக ஏற வேண்டுமானால் சேலத்தில் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். காலையில் இங்கிலீஷ், பிற்பகலில் ரூல்ஸ். இரண்டிலும் ஒரே சமயத்தில் தேறியாக வேண்டும். மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

முதல் இரண்டு தடவையும் ரூல்ஸில் நான் முதல் ஆள். இங்கிலீஷில் கடைசி ஆள்.

இங்கிலீஷ் என்றால் பெரிய இலக்கியமெல்லாம் இல்லை. ஒரு பத்தி கொடுப்பார்கள், பெரும்பாலும் விஞ்ஞானம். கீழே நான்கு கேள்விகள். பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டு சொந்த வார்த்தையில் பதில் எழுத வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவன். என் இங்கிலீஷ் என் செருப்பைப் போல. எனக்குப் பழகிவிட்டது, நாலு பேர் முன்னால் கழற்றி வைக்கத்தான் கூச்சம்.

வண்டிகளுக்கு நடுவே

பரீட்சை எழுத எனக்கு ஏன் அத்தனை ஆசை என்று கேட்பீர்கள். ஆசை இல்லை. பயம்.

இதற்கு முன்பு நான் வேறொரு ஊரில் இருந்தபோது பச்சைமுத்து என்று ஒருவன் என்னோடு வேலை பார்த்தான். இரண்டு வேகன்களைக் கோக்க வேண்டுமானால் ஆள் குனிந்து நடுவில் போக வேண்டும். இஞ்சின் மெதுவாகத் தள்ளும். இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் நம் உடம்பு எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்பதுதான் மொத்த வேலையும். முந்தின நாளிலிருந்து ஓய்வில்லாமல் நின்றிருந்த பச்சைமுத்து கையைக் கொஞ்சம் தாமதமாக எடுத்தான். உயிர் தங்கியது. கை தங்கவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது குடத்தோடு நின்று பார்த்தவள் என் மனைவி பாவாயி. வீட்டுக்கு வந்ததும், "இனிமே நீங்க வண்டிக்கு நடுவுல போவாதீங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நான் மறுநாளே பரீட்சைக்குப் பெயர் கொடுத்தேன்.

இந்த இடத்தை வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. மேலே போகிறேன்.

சொன்னதைத் திருப்பிச் சொல்

ரயில்வேயில் யார் என்ன உத்தரவு கொடுத்தாலும், வாங்கிக்கொண்டவன் அதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"ஏகாம்பரம், கூட்ஸ் வருது, லூப் லைனுக்குப் பாயிண்ட் போடு."

"கூட்ஸ் வருது, லூப் லைனுக்குப் பாயிண்ட் போடு."

"ம்."

அந்த "ம்" வந்த பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம். "சரிங்க, அந்தக் கூட்ஸை ஓரமா விட்டுடலாம்" என்று தன் வார்த்தையில் சொன்ன ஒரு புது ஆளை ஸ்டேஷன் மாஸ்டர், அதாவது எங்கள் பெரிய மாஸ்டர், ஒரு வாரம் விளக்குத் துடைக்க விட்டார். சொல் மாறினால் லைன் மாறும், லைன் மாறினால் வண்டி மோதும். இது எங்கள் ரத்தத்தில் ஊறிப் போன பாடம்.

ஊறியது ஸ்டேஷனோடு நிற்கவில்லை. பாவாயி, "சந்தைக்குப் போயி மொச்சக்கொட்டை வாங்கியாங்க" என்பாள். நான், "சந்தைக்குப் போயி மொச்சக்கொட்டை வாங்கியாங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் நிற்பேன். அவள் "ம்" சொல்ல மாட்டாள். நான் போக மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "பாவாயி, உம் புருசன் கெணத்துக்குள்ள கத்துனாப்பல திருப்பித் திருப்பிச் சொல்றாரே, மந்திரிச்சுப் பாரேன்" என்று யோசனை சொன்னாள்.

இப்படிப்பட்டவனிடம் "சொந்த வார்த்தையில் எழுதுக" என்றால் என்ன செய்வான்?

அன்று என்னை எழுப்பிய சின்ன மாஸ்டர், அவர் பயிற்சிக்குக் கொடுத்த பத்திக்கு நான் எழுதி வைத்திருந்த பதில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு புளி மூட்டையின் மேல் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவருக்கும் இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கண் சிவந்திருந்தது.

"முதல் கேள்வி. களைப்புன்னா என்னா? நீ என்னாய்யா எழுதியிருக்க?"

"பத்தியில இருக்கிறதை ஒரு எழுத்து மாறாம எழுதியிருக்கேனுங்க."

"அதான்யா தப்பு."

"எழுத்து எதனாச்சும் மாறிப் போச்சுங்களா?"

"மாறலய்யா! மாறாததுதான் தப்பு. உன் வார்த்தையில எழுதச் சொல்லிக் கேட்டிருக்கான்."

"நான் பாட்டுக்கு மாத்தி எழுதி, அதனால ஏதாவது ஆயிடுச்சுன்னா சார்?"

"என்னா ஆவும்? களைப்பு என்னா, கூட்ஸ் வண்டியா? மோதிக்குமா?"

பத்தியில் இருந்தது இவ்வளவுதான். நாம் உழைக்கும்போது தசையில் ஒருவித நச்சுப் பொருள் சேருகிறது. ரத்தம் அதைத் தூக்கத்தில் கழுவிக்கொண்டு போகிறது. தூங்காவிட்டால் அது தங்கி மூளைக்கு ஏறுகிறது. களைத்தவனுக்குத் தான் களைத்திருப்பதே தெரியாமல் போகிறது. அன்றைய விஞ்ஞானம் இப்படித்தான் சொல்லிற்று. இப்போது மாற்றியிருப்பார்கள். நான் அதற்குப் பொறுப்பில்லை.

"சரி, ரெண்டாங் கேள்வி" என்றார் சின்ன மாஸ்டர். "களைச்சவன் தன் களைப்பைத் தானே ஏன் தெரிஞ்சுக்க முடியல? தாளைப் பாக்காம சொல்லு."

நான் யோசித்தேன். யோசித்தபடியே கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது வெயில் நகர்ந்து என் முழங்காலுக்கு வந்திருந்தது. சின்ன மாஸ்டரின் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. இரண்டாம் கேள்விக்கு நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அளித்த பதில் அது. அதைவிடச் சரியான பதிலை இன்றுவரை நான் கண்டதில்லை. ஆனால் அதைத் தாளில் எழுத முடியாதே.

பாவாயி கேட்ட கேள்வி

இவனுக்குச் சொல்லி ஆகாது என்று சின்ன மாஸ்டர் என்னைக் கைவிட்ட பிறகு, வீட்டில் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தேன். பாவாயி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க அது, தெனமும் அதையே ஒப்பிக்கிறீங்க? நமக்கும் சொன்னா ஆவாதா?"

அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. பத்தியை அப்படியே ஒப்பித்தால் அவளுக்கு ஒன்றும் விளங்காது. வேறு வழியே இல்லாமல் என் வாயிலிருந்து முதல் தடவையாக என் சொந்தச் சரக்கு வந்தது.

"வேலை செஞ்சா ஒடம்புல விசம் ஏறுதாம். தூங்கினா எறங்குதாம்."

"தூங்காட்டி?"

"மண்டைக்கு ஏறுதாம். அப்பறம் நாம தூங்கி வழியறது நமக்கே தெரியாதாம்."

அவள் புடைப்பதை நிறுத்தினாள்.

"இதை எழுதினவரு ரயில்ல வேலை பாக்கறவருங்களா?"

"யாராவது டாக்டரா இருப்பாரு."

"அவருக்கு மட்டும் ராத்திரி ராத்திரி தூங்கணும்னு தெரிஞ்சிருக்குது. உங்க மாஸ்டருக்கு இதைப் படிச்சுக் காட்டக் கூடாதா?"

"அவருதான் பாவாயி இந்தத் தாளையே குடுத்தாரு."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அப்பறம் என்னா போட்டிருக்குது, சொல்லுங்க" என்றாள். இப்படித்தான் பரீட்சைக்கு முந்தின நாட்கள் போயின. நான் இங்கிலீஷில் படிப்பேன். அவளுக்காகத் தமிழில் சொல்வேன். அந்தத் தமிழை மறுபடி இங்கிலீஷில் எழுதுவேன். எழுதியதைப் பார்த்தால் பத்தியின் வார்த்தை ஒன்றுகூட அதில் இருக்காது. இலக்கணமும் இருக்காது. ஆனால் சின்ன மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "அட, இது ஆள் எழுதினாப்பல இருக்குதே!" என்றார். நான்காவது கேள்வி, பத்திக்குத் தலைப்புக் கொடுக்கச் சொல்வது. "இந்த ஸ்டேஷன் ஊழியர்கள்" என்று எழுதியிருந்தேன். அதை மட்டும் அடித்துவிட்டார்.

சேலத்தில் ஒரு மண்புழு

பரீட்சை நாளன்று டூட்டியிலிருந்து நேராக வண்டி ஏறினேன். பொம்மிடியைத் தாண்டியது எனக்குத் தெரியாது. சேலத்தில் ஒரு புண்ணியவான் என் முழங்காலைத் தட்டி எழுப்பினார்.

அந்த வருஷத்துப் பத்தி மண்புழுவைப் பற்றியது. படித்தேன். மனசுக்குள் பாவாயியை எதிரில் முறத்தோடு உட்கார வைத்தேன். அவளுக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டேன். கேள்விகளைப் பார்த்தேன்.

மழை பெய்ததும் மண்புழு ஏன் வெளியே வருகிறது? வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் நீங்களும்தான் வெளியே வருவீர்கள் என்று எழுதினேன். மண்புழுவால் உழவனுக்கு என்ன லாபம்? அது சம்பளம் கேட்காத பண்ணையாள், ராத்திரியும் வேலை பார்க்கும், ரயில்வேக்காரர்கள் காதில் இது விழாமல் இருக்க வேண்டும் என்று எழுதினேன். எழுத எழுதக் கை பறந்தது. இத்தனை நாள் யார் யார் வார்த்தையையோ திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த வாயில் சொந்தப் பேச்சு வந்துவிட்டால் அதை நிறுத்துவது கஷ்டம்.

பிற்பகலில் ரூல்ஸ் தாளைக் கொடுத்தபோது கை இன்னும் சூடாகவே இருந்தது.

ராத்திரியில் சிக்னல் கைகாட்டியில் விளக்கு அணைந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. அந்த விதி எனக்குத் தலைகீழாகத் தெரியும். புத்தகத்தில் எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் நான் எழுதியது இது: "விளக்கு எரியாத கைகாட்டி, வாய் திறக்காத மாமியாரைப் போன்றது. சம்மதம் என்று எண்ணி உள்ளே போகக் கூடாது. அபாயம் என்றே எடுத்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும்."

எழுதிவிட்டுத் திருப்தியாகப் படித்துப் பார்த்தேன். எழுத்துக்கூட அழகாக இருந்தது.

சில வாரம் கழித்துப் பெரிய மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார்.

"இங்கிலீஷ் பாஸ்."

நான் சின்ன மாஸ்டரைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன்.

"சிரிக்காத. ரூல்ஸ் போச்சு."

"ரூல்ஸுங்களா? ரூல்ஸ்ல நான் எப்பவும் முதல் ஆளுங்களே!"

"கைகாட்டிக்கு மாமியாரு எங்கேருந்துய்யா வந்தா? ரூல் புஸ்தகத்தை இவன் புதுசா எழுதறானான்னு ஆபீசர் கேக்கறாரு. என் மானத்தை வாங்கிட்ட."

சின்ன மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறாரா, வருத்தப்படுகிறாரா என்று தெரியவில்லை. அவர் தோள் மட்டும் குலுங்கியது.

கேட்

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். பாவாயியிடம் சொன்னேன். அவள் மாமியார் விஷயத்துக்குச் சிரிக்கவில்லை.

"அப்ப இன்னமும் வண்டிக்கு நடுவுல போவணுமா?"

"ஆமா. இனிமே பரீட்சையும் கெடையாது."

"இத்தனை வருசமா எதுக்குங்க தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டுப் படிச்சீங்க?"

"நீதானே சொன்னே!"

"நானா? நான் எப்பங்க பரீச்சை எழுதச் சொன்னேன்? வண்டிக்கு நடுவுல போவாதீங்கன்னேன். அவ்வளவுதான். வேகன் முட்டற சத்தம் கேட்டா, நீங்க வூடு வந்து சேர்ற மட்டும் எனக்குக் கண்ணு மூடறதில்ல. அதுக்குத்தான் சொன்னேன்."

"தந்தி குமாஸ்தா ஆனாத்தானே அதுலருந்து தப்பிக்க முடியும்?"

"ஏன், கேட்டுல ஒரு ஆளு நின்னு தொறந்து தொறந்து மூடிக்கிட்டிருந்தாரே, அவரு வண்டிக்கு நடுவுலயா போனாரு?"

"அது கீழ் வேலை, பாவாயி."

"கீழயோ மேலயோ. நடுவுல இல்லாட்டிச் சரி."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். இங்கிலீஷ் இல்லை, விஞ்ஞானம் இல்லை. அதைத் தப்பாக அர்த்தம் பண்ணிக்கொண்டு மூன்று பரீட்சை எழுதியிருக்கிறேன்.

மறுநாள் பெரிய மாஸ்டரிடம் போய், லெவல் கிராஸிங் கேட்டுக்கு என்னை மாற்றச் சொன்னேன்.

"ஏத்தி விடுங்கன்னு வர்றவனைப் பாத்திருக்கேன். எறக்கி விடுங்கன்னு வர்றவனை இப்பத்தான்யா பாக்கறேன்" என்றார். பழைய கேட்மேன் பட்டாளத்துக்குப் போய், வெறும் காட்டில் அந்தக் குடிசையில் உட்கார ஆள் கிடைக்காமல் இருந்த சமயம். அதனால் நான் பைத்தியமா என்று அவர் அதிகம் விசாரிக்கவில்லை.

கேட் என்றால் சாலைக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் இரண்டு மரக் கதவு. வண்டி வருகிறது என்றால் சாத்த வேண்டும். போனதும் திறக்க வேண்டும். சுற்றிலும் கொள்ளுக் காடு. மத்தியானத்தில் காடையின் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது.

அங்கே போன இரண்டொரு நாளில், ஒரு மத்தியானம், பாவாயி களி எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் வரவும் கூட்ஸ் வரவும் சரியாக இருந்தது. நான் கதவுகளைச் சாத்திவிட்டுக் குடிசைப் பக்கம் பச்சைக் கொடியோடு நின்றேன். அவள் எதிர்ப் பக்கம் மாட்டிக்கொண்டாள். நீளமான வண்டி. தார்ப்பாய் போர்த்திய பட்டாளச் சாமான். ஒவ்வொரு வேகனாகக் கடகடத்துக்கொண்டு போனது. தரை நடுங்கியது. வேகன்களின் இடுக்கில் அவள் சேலை மட்டும் துண்டு துண்டாகத் தெரிந்தது.

கடைசியாகக் கார்டு இருக்கிற பெட்டியும் போய்ப் புழுதி அடங்கியது. பார்த்தேன். அவள் நிற்கவில்லை. கதவின் அடியில் உட்கார்ந்து, அதிலேயே சாய்ந்து, மடியில் தூக்குச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி தூங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அத்தனை வேகன் அவள் காலடியில் போயிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்குப் பின்னால் மாட்டு வண்டி ஒன்று நின்றது. வண்டிக்காரர் கழுத்தை நீட்டி, "கேட்டைத் தொறய்யா! கூட்ஸு போயி எவ்வளவு நேரமாச்சு!" என்றார்.

நான் தண்டவாளத்தைத் தாண்டி அவரிடம் போனேன்.

"மெதுவாப் பேசுங்க. இன்னொரு வண்டி வருதுங்க" என்றேன்.

வேறு வண்டி எதுவும் இல்லை.